பேருந்தும் பொதுநீதியும்

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் அமைந்துள்ளது சாங்கிக் கிராமம். அங்குள்ள உணவங்காடி நிலையத்தின் அருகே இருவகை ஊர்திகள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஒன்று, படகுத்துறையிலிருந்து புலாவ் ஊபின் தீவுக்குச் செல்லும் படகு. மற்றொன்று, நகரை நோக்கிப் புறப்படும் பேருந்து. படகுக்குக் கால அட்டவணை இல்லை. பன்னிருவர் சேர்ந்தால் புறப்படும். பதினொருவரே இருப்பின் பன்னிரண்டாமவருக்காகக் காத்திருக்கும். விரைந்து செல்ல விரும்புவோர் பன்னிருவரின் கட்டணத்தையும் தாமே செலுத்திப் படகை எடுக்கச் செய்யலாம். பேருந்து அத்தகையதன்று. ஒருவர் இருப்பினும், ஒருவருமே இல்லாவிடினும், நேரம் வந்தால் அது புறப்பட்டாக வேண்டும்.

படகோட்டியின் வழக்கத்தை எவரும் அநீதி என்று கூறார். எண்ணெய் அவருடைய செலவு, உழைப்பும் அவருடையது. வெறும் படகை ஓட்டும்படி அவரை வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பேருந்து பொதுப்பணத்தில் ஓடுவது. அது நிறைந்த பிறகே புறப்படுமென்றால், முன்னால் வந்து காத்திருப்பவருக்கு நாம் செய்த உதவி என்ன? அது நிறையாமலே நாள் முழுதும் ஓடுமென்றால், அதே எண்ணெயையும் ஓட்டுநரையும் வேறோரிடத்தில் நெருக்கியடித்து நிற்கும் மக்களுக்குத் தராமற்போன குற்றத்துக்கு யார் பொறுப்பு? ஒரு வட்டாரத்தின் பேருந்துத் தடங்களைத் திருத்தி அமைக்க முற்படும் எவரும் இவ்விரு வினாக்களினின்றும் தப்ப இயலாது.

போக்குவரத்துத் திட்டத்துக்கு இரு நோக்கங்கள் உண்டு. இயன்ற அளவு மிகுதியான மக்களை ஏற்றிச் செல்வது ஒன்று. இயன்ற அளவு எல்லா இடங்களையும் எட்டுவது மற்றொன்று. இரண்டும் நல்ல நோக்கங்களே. ஆயினும் கையிலுள்ள பேருந்துகள் ஓர் அளவினவாயின், ஒன்றை வளர்க்க மற்றொன்றைக் குறைத்தே ஆக வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் திட்ட வல்லுநர் ஜாரெட் வாக்கர் இம்முரண்பாட்டைப் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்துள்ளார்.

எளிய கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். ஓர் ஊருக்குப் பன்னிரண்டு பேருந்துகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு தடத்தைச் சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகிறது. பன்னிரண்டையும் முதன்மைச் சாலையில் ஓடவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும். மக்கள் கடிகாரத்தைப் பாராமலே வீட்டை விட்டுப் புறப்படுவர், பேருந்துகளும் நிறையும். ஆனால் அச்சாலையினின்று தொலைவில் வாழ்வோருக்கு ஒன்றும் கிட்டாது. அதே பன்னிரண்டையும் ஆறு தடங்களுக்குப் பிரித்துத் தந்தால் எல்லார் வாயிலுக்கும் பேருந்து வரும். ஆனால் அரை மணிக்கு ஒரு முறையே வரும். அவசரம் உள்ளவர் அதனை நம்பார். வேறு வழியற்றவரே அதில் ஏறுவர். வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இரண்டாம் திட்டம் நிறைவாகத் தோன்றும். கணக்கேட்டைப் பார்ப்பவருக்கு முதல் திட்டமே சிறந்ததாகத் தோன்றும். இருவரும் பொய் கூறவில்லை.

சிங்கப்பூரில் பேருந்துத் தொழில் ஒரு காலத்தில் தனியார் பலரின் கையில் இருந்தது. கிழக்குப் பகுதியில் சாங்கிப் பேருந்து நிறுவனம் ஓடியது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குரிய வட்டாரத்தில் தன் வருவாயைக் கருதியே தடங்களை வகுத்தது. பேருந்து போதாத இடங்களில் உரிமமற்ற வாடகைக் கார்கள் மக்களை ஏற்றிச் சென்றன. 1970ஆம் ஆண்டு வெளிவந்த வில்சன் ஆய்வறிக்கை பேருந்துத் துறையைச் சீரமைக்க வழி கூறியது. 1971இல் நிறுவனங்கள் இணைக்கப்பட்டன. 1973இல் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் பிறந்தது. 1987இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபின், நெடுந்தொலைவுக்கு ரயிலும் அதனை அடைய இணைப்புப் பேருந்தும் என்ற முறை வளர்ந்தது.

2016ஆம் ஆண்டு அறநோக்கில் மிகவும் முக்கியமானது. அவ்வாண்டில் பேருந்துச் சேவை ஒப்பந்த முறைக்கு மாறியது. பேருந்துகளும் கட்டண வருவாயும் அரசாங்கத்தைச் சேர்ந்தன. தடங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் வகுத்தது. நிறுவனங்கள் ஓட்டும் பணிக்குரிய ஊதியத்தைப் பெற்றன. முன்னர் ஒரு தடம் நிறுத்தப்பட்டால் அது வணிகரின் முடிவு என்று சொல்லிவிடலாம். இப்பொழுது அது சமுதாயத்தின் முடிவு. வெறுமையாகச் செல்லும் இருக்கை சமுதாயத்தின் செலவு. கைவிடப்பட்ட நிறுத்தமும் சமுதாயத்தின் செயலே.

2023ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்ததொன்றை இங்கு நினைவு கூரலாம். செம்பவாங்குக்கும் புக்கிட் மேராவுக்கும் இடையே ஓடிய 167ஆம் எண் சேவை டிசம்பர் 10ஆம் நாள் முதல் நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை திறந்தபின் அதே வழியில் சென்ற பேருந்தில் பயணிகள் குறைந்துவிட்டனர் என்பது காரணம். மக்கள் தம் குறையை எடுத்துரைத்தனர். முடிவு மாற்றப்பட்டது, சேவை நீடித்தது, ஆனால் அரை மணிக்கு ஒரு முறையாக. ரயில் விரைவானது, பேருந்தோ மெதுவானது. எனினும் படிகளில் ஏறி இறங்கவும், நிலத்தடியில் நெடுந்தொலைவு நடக்கவும், ரயில் மாறவும் இயலாத முதியவருக்கு, வீட்டருகில் ஏறிச் சேருமிடத்தின் அருகில் இறங்கும் பேருந்தே உண்மையில் விரைவானது. எண்ணிக்கையில் இவர்கள் சிறுபான்மையினர், தேவையில் அவ்வாறல்லர்.

மெய்யியலார் இதனை இரு பக்கமும் நின்று ஆராய்ந்துள்ளனர். ஆங்கில அறிஞர் பெந்தாம், மிகப் பலரின் மிகுந்த இன்பமே அறத்தின் அளவுகோல் என்றார். அவ்வளவுகோலின்படி பேருந்தை நிறைப்பதே அறம். அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் வேறொரு வழி காட்டினார். சமுதாயத்தில் தாம் எந்நிலையில் பிறப்போம் என்பதை அறியாதவராய் இருந்து விதிகளை வகுத்துப் பாருங்கள் என்றார் அவர். அவ்வாறு அமர்ந்து தடங்களை வகுப்பவர், தாம் இளைஞரா முதியவரா, நடுநகரில் வாழ்பவரா கடைக்கோடியில் வாழ்பவரா என்று அறியார். கடைக்கோடியை வரைபடத்தினின்று அழிக்க அவர் கை கூசும்.

தமிழ் மரபு இதனை மனுநீதிச் சோழன் கதையில் வைத்துள்ளது. அவ்வரசன் வாயிலில் தொங்கிய மணி ஒரு கூட்டத்தார் கூடி அடிப்பதற்கன்று. குறையுடைய உயிர் ஒன்றே ஆயினும், அது ஒரு பசுவே ஆயினும், அடித்தால் அரசன் எழுந்து வர வேண்டும். ஆனால் அக்கதையை முழு விடையாகக் கொள்ளுதல் தகாது. அரசன் முன் நின்றது ஒரே வழக்கு. தடம் வகுப்பவர் முன் ஆயிரம் மணிகள் ஒரே வேளையில் ஒலிக்கின்றன. இரவுப் பணி முடித்து வரும் செவிலியர், நிறைந்த பேருந்து தம்மை ஏற்றாமல் செல்வதைக் காண்கிறார். அவரும் மணி அடிப்பவரே. வெறுமையான பேருந்துக்காக இரங்கி, நிறைந்த பேருந்துக்கு வெளியே நிற்பவரை மறப்பது கருணையாகாது.

எனினும் இழப்புகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஆயிரம் பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பது இரண்டாயிரம் நிமிடம் என்று தாளில் கூட்டலாம். ஆனால் அந்த இரண்டாயிரம் நிமிடத்தையும் பட்டவர் எவரும் இலர். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடமே பட்டனர். தடம் நின்றதனால் மருத்துவமனைக்கும் ஆலயத்துக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்வதையே விட்டுவிட்ட மூதாட்டி தம் இழப்பை முழுமையாகத் தாமே படுகிறார். கூட்டல் கணக்கு இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தொல்லைக்கும் துண்டிப்புக்கும் உள்ள வேறுபாடு அது.

இதனால் எல்லா மூலைக்கும் பேருந்து வேண்டும் என்ற முடிவு கிட்டாது. மூலைகளும் ஒரே தன்மையன அல்ல. வாயிலில் கார் நிற்கும் தனி வீடுகளின் தெருவுக்கும், பணியின் காரணமாகத் தொலைவில் தங்க நேர்ந்த தொழிலாளர் விடுதிக்கும் வேறுபாடு உண்டு. வரைபடத்தில் இரண்டும் ஒரே தொலைவு, வாழ்க்கையில் அவ்வாறன்று. எட்டும் பரப்பைச் சதுர மைல் கொண்டு அளப்பவர், குரலெழுப்பத் தெரிந்த வசதியுள்ளவருக்கே இறுதியில் பேருந்தை வழங்கிவிடக் கூடும். ஆதலின் பரப்புக்கென ஒதுக்கும் சேவை நிலத்தைப் பாராமல் தேவையைப் பார்த்து வழங்கப்பட வேண்டும்.

இந்நிலையில் செய்யத்தக்கது யாது? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர் 2015இல் தன் பேருந்துத் தடங்கள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றி அமைத்தது. அதற்கு முன்னரே, வளத்தில் நூற்றுக்கு 80 பங்கு பயணிகளைப் பெருக்குவதற்கு, 20 பங்கு எட்டாத இடங்களை எட்டுவதற்கு என்று வகுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1997இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டமும் பேருந்து காணாத சிற்றூர்களுக்கென்றே தனியாக வகுக்கப்பட்டது. அந்தப் பங்கு சரியா, குறைவா என்று வழக்காடலாம். ஆனால் பங்கை வெளிப்படையாகச் சொல்லியதில் ஒரு நேர்மை உள்ளது. எட்டுவதற்கென ஓடும் பேருந்தைப் பின்னர்த் தலைகளை எண்ணிக் குற்றம் சாட்ட முடியாது. நூலகத்தை விற்பனை வரவு கொண்டும், தீயணைப்பு நிலையத்தை அணைத்த தீயின் எண்ணிக்கை கொண்டும் மதிப்பிடுவார் இல்லை. அவை இருப்பதே பயன். அதுபோலவே, நிறைவதற்கென ஓடும் பேருந்தை ஒவ்வொரு தெருவிலும் வளைத்துத் தாமதப்படுத்தவும் எவருக்கும் உரிமை இல்லை.

அநீதி விளைவது பங்கு சிறிதாக இருப்பதால் மட்டும் அன்று. பங்கையே மறைப்பதால் விளைகிறது. ஒரே பேருந்து விரைவாகவும் செல்லும், எல்லார் வாயிலுக்கும் வரும், செலவையும் ஈட்டும் என்று வாக்களிப்பது, மூவருக்கு ஒரே நிலத்தை விற்பது போன்றது. எட்டுவதற்கென ஓடிய தடத்தை ‘எல்லார்க்கும் சேவை’ என்ற பெயரில் தொடங்கி, ‘பயணிகள் இல்லை’ என்ற பெயரில் நிறுத்துவது, ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டு வேறொரு பாடத்தில் தேர்வு வைப்பதற்கு ஒப்பாகும்.

2024ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசாங்கம் எட்டு ஆண்டுகளில் 90 கோடி வெள்ளி வரை செலவிட்டுப் பேருந்து இணைப்புகளைப் பெருக்கும் திட்டத்தை அறிவித்தது. புதிய வீடமைப்புப் பேட்டைகளில் குடியேறுவோர் திரளுமுன்பே அங்குப் பேருந்து செல்லும் என்பதில், பன்னிரண்டாமவருக்காகக் காத்திராத ஓர் உறுதி உள்ளது. இனி, பழைய பேட்டைகளில் எஞ்சியிருக்கும் முதியவருக்கும் அவ்வுறுதி உண்டா என்பதே வினா.

அவ்வினா சாங்கிக்கும் வரும். அங்கே பிரிட்டிஷ் படைத்தளம் இருந்த காலத்து நினைவுகள் உள்ளன, ஸ்ரீ ராமர் ஆலயம் உள்ளது, படகுத்துறை உள்ளது, ரயில் நிலையம் இல்லை. 2ஆம் எண் பேருந்து நெடுந்தொலைவு ஓடி அவ்வூரை நகரின் தென்பகுதியோடு இணைத்து வருகிறது. குறுக்குத் தீவு ரயில் பாதையின் முதற்கட்டம் அவ்வட்டாரத்தை எட்டும் ஆண்டாக 2030 குறிக்கப்பட்டுள்ளது. அதன்பின் பயணிகள் பலர் ரயிலுக்கு மாறுவது இயல்பு. மாறுவது நன்றும் ஆகும். அப்பொழுது எஞ்சியிருப்போர் எத்தனை பேர் என்ற வினா எழும். அதனுடன், எஞ்சியிருப்போர் யார், அவர்கள் ஏன் எஞ்சினர் என்ற வினாக்களும் எழ வேண்டும். விடை அறிந்தபின் சேவையைக் குறைக்க நேரிடலாம்; நிறுத்தவும் நேரிடலாம். ஆனால் யாருக்கு என்ன இழப்பு என்பதை அறிந்து, அவர்களிடமே எடுத்துச் சொல்லி, இயன்ற மாற்று வழி தந்து செய்வது வேறு. எண்ணிக்கையின் பின்னே மறைந்து செய்வது வேறு.

பேருந்தின் உள்ளேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. எழுபது பேர் நிறைந்த வண்டியில் ஒருவர் மணியை அழுத்துகிறார். வண்டி நிற்கிறது. அறுபத்தொன்பது பேர் அவர் இறங்கும் வரை காத்திருக்கின்றனர். முகம் சுளிப்பார் இலர். நாளை தாமும் அம்மணியை அழுத்த வேண்டியவர் என்பதை ஒவ்வொருவரும் அறிவர். அதே வேளையில், ஒவ்வொருவரின் வீட்டு வாயிலிலும் வண்டி நிற்க வேண்டும் என்று கேட்பாரும் இலர். நிறுத்தம் எங்கே என்பது முன்னரே எல்லார்க்கும் தெரிந்த உடன்பாடு. பலரின் பயணத்தையும் ஒருவரின் உரிமையையும் ஒருசேரக் காக்கும் அவ்வுடன்பாட்டை மக்கள் நாள்தோறும் கடைப்பிடிக்கின்றனர். தடங்களை வகுப்போரும் அதனைக் கடைப்பிடிப்பாராயின், நிறையாத பேருந்து ஒன்று சாங்கிச் சாலையில் செல்வதைக் காண்பவர் அதனை வீண் என்று கருதார். யாரோ ஒருவருக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படுகிறது என்றே கருதுவர்.