கழிவு யார் பங்கு?

மோகனூர்ப் படித்துறையில் காவிரி நீரை அள்ளித் தலையில் தெளித்துக் கொள்ளும் பெரியவரைக் கேட்டால், "ஆறு அன்னையப்பா, அவளுக்கு ஏது அழுக்கு?" என்பார். அதே படித்துறையில் நிற்கும் இளைஞர், சுற்றுச்சூழல் நீதி பற்றி மேற்பட்டப் படிப்புப் படிக்கப் போவதாகக் கூறுகிறார். "அது என்ன படிப்பு? சோறு போடுமா?" என்று வீட்டார் கேட்கின்றனர். கேட்பதில் தவறில்லை. கரும்பு வெட்டிப் படிக்க வைத்தவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது! நாம் கேட்க விரும்பும் வினா வேறு: அந்தப் படிப்பு யாருக்காக?

மேட்டூரில் புறப்படும் ஆறு, பவானியைக் கூடி, ஈரோட்டையும் பள்ளிபாளையத்தையும் கடந்து, திருப்பூர் வழியாக வரும் நொய்யலையும் ஏற்றுக் கொண்டுதான் மோகனூரை அடைகிறது. மேலிருப்போர் கழுவி விட்டது கீழிருப்போர் குடத்தில் வந்து விழுகிறது. கழுவியவர் கணக்கில் இலாபம். குடிப்பவர் கணக்கில் நட்டம். இதனை விதி என்பதா, வினைப்பயன் என்பதா? சாயம் கரைத்தவன் இந்தப் பிறவியிலேயே இருக்கிறான். முற்பிறவியில் போய்த் தேடுவானேன்?

நொய்யலின் கதையைக் கேளுங்கள். பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை எழுந்தது. உழவர் நீருக்குக் காத்திருந்தனர். வந்ததோ உப்பும் சாயமும்! அணை கழிவுத் தொட்டியாயிற்று, கிணறு கெட்டது, கழனி கெட்டது. உழவர்கள் வழக்குமன்றம் ஏறினர். சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நீதி வென்றதென்று மகிழ்ந்தோம். ஆனால், கதவு சாத்தப்பட்ட அன்று தெருவில் நின்றவர் யார்? அன்றாடக் கூலிக்கு வந்த தொழிலாளி! ஏழை உழவரையும் ஏழைத் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இலாபம் கண்டவன் ஓரமாக ஒதுங்கிக் கொள்ள முடிந்தது. மாசு செய்தவரே ஈடு செய்க என்று வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்திருக்கிறது. நல்ல நெறிதான். ஆனால், மாசு செய்தவர் எவர்? துணியைச் சாயத்தில் முக்கியெடுத்த கையா? பட்டறை முதலாளியா? கடல் கடந்த நாட்டில் விலையை அடித்துப் பேசி அந்தப் பனியனை வாங்கிய வணிகரா? இந்தக் கணக்கைப் போடத்தான் படிப்பு வேண்டும் என்கிறோம்.

மேல்நாட்டிலும் இந்தக் கணக்கு தெருவில்தான் தொடங்கிற்று. அமெரிக்காவின் வட கரோலினாவில், வாரன் என்னும் மாவட்டத்தில், கருப்பர் பெரும்பாலோராய் வாழ்ந்த பகுதியில் நச்சு மண்ணைக் கொட்டுவதற்கு அரசு இடம் தேர்ந்தது. 1982இல் மக்கள் சாலையில் படுத்து லாரிகளை மறித்தனர். ஐந்நூறு பேருக்கு மேல் சிறைப்பட்டனர். பிறகே நூல்கள் வந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகம் இதனைப் பட்டப்படிப்பாகவும் ஏற்றது. சிறை சென்றவர்களுக்குப் பின்னால்தான் பேராசிரியர்கள் வந்தார்கள் என்பதை நம் இளைஞர் மறந்துவிடலாகாது.

அங்கே நிறம், இங்கே சாதி. சிலரைப் பிறப்பால் தீட்டு என்று ஒதுக்கியது இந்தச் சமுதாயம். ஒதுக்கிய பின், ஊரின் உண்மையான அழுக்கை எங்கே அனுப்பிற்று? அவர்கள் குடிசை இருக்கும் பள்ளத்துக்கு! வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது எது, குப்பைமேடு எழுவது எதன் பக்கத்தில் என்று ஊர் ஊராய்ப் பார்த்து வாருங்கள். 1927இல் மகத் நகரத்துக் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகினாரே, சுற்றுச்சூழல் நீதியின் முதற்பாடம் அதுவென்றே நாம் கொள்கிறோம். அந்நாளில் அதற்கு அப்படியொரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே, தம்பி, தாராளமாகப் படி. ஒன்று மட்டும் கேட்டுக் கொள்கிறோம். புட்டியில் நீரை மொண்டு போகிறார்கள்; ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறார்கள்; பட்டம் பெறுகிறார்கள். நீர் கொடுத்த ஊருக்கு விடை வருவதில்லை. உன் ஏடு தமிழில் மோகனூர்ப் படிப்பகத்து மேசைமீது இருக்கட்டும். வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருபவர் அதைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பக்கத்தில் எங்கள் கிணற்றை விட்டுவிட்டாயே தம்பி" என்று சொல்லட்டும். நீ அமர்ந்து திருத்தி எழுது.