புரசைவாக்கத்தில் ஒரு ஜெப வீடு



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பேச வருகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். இறைவனைப் பல வழிகளில் தேடலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்காட் சாலையில் கந்தசாமி கோயில், 1894-இல் தோன்றிய புத்த மகா விகாரை, சீயோன் லுத்தரன் ஆலயம், 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம், எல்லாம் நீங்கள் தினமும் கடந்து போகிற இடங்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வில்லியம் ராபர்ட்ஸ். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வேளாளர் குடியில் பிறந்த தமிழர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். துரைமாரிடம் வேலைக்காரராக இருந்து, கப்பலேறி இங்கிலாந்து போனவர். கிறிஸ்தவரானார். இங்கிலாந்துத் தொடர்பால் போதகர்களான தியோபிலஸ் லிண்ட்சே, ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோரின் நூல்கள் அவர் கைக்கு வந்தன. பிரீஸ்ட்லி யார்? பிராணவாயுவைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். அவருடைய கருத்துகளைப் பொறுக்காத கூட்டம் 1791-இல் பர்மிங்ஹாமில் அவர் வீட்டையே கொளுத்தியது.

அப்படி என்ன சொன்னார்கள் லிண்ட்சேயும் பிரீஸ்ட்லியும்? கடவுள் ஒருவரே; பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேகக் கொள்கை வேதத்தில் இல்லை; இயேசு, அந்த ஒருவரிடம் நம்மை அழைத்துப் போக வந்தவர். இதுதான் யூனிடேரியன் கொள்கை. இதில் உங்களுக்கு உடன்பாடு உண்டா என்று நான் கேட்கவில்லை. ஒரு வேலைக்காரர், எசமானரின் நம்பிக்கையைக் கைகட்டி ஏற்றுக்கொள்ளாமல், தானே படித்து, தானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாரே, அந்தத் துணிவைப் பாருங்கள்!

1795-இல் சென்னையில் ஒரு சிறு சபையைத் தொடங்கினார். 1813-இல் புரசைவாக்கத்தில் அதற்கு ஓர் ஆலயம் எழுந்தது. இங்கிலாந்தில் திரியேகத்தை மறுப்பது சட்டப்படி குற்றம் அல்ல என்று ஆனதும் அதே 1813-இல்தான். லண்டன் சட்டம் வழிவிடும் வரை நம்மவர் காத்திருக்கவில்லை. அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே தமிழில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஆராதனை முறையைத் தமிழாக்கினார், சிறு நூல்கள் எழுதினார். லண்டன் யூனிடேரியன்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1818-இல் அங்கே அச்சான பிறகுதான், இப்படி ஒருவர் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்தது.

கிள்ளான் பக்கத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் கூலியில் மிச்சம் பிடித்து மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்களே, அந்தப் பிடிவாதத்தை நான் ராபர்ட்ஸிடமும் காண்கிறேன். கூலிக்காரனுக்கும் தன் இறைவனைத் தன் மொழியில் வணங்கும் உரிமை உண்டு. அதை யாரும் தரவேண்டியதில்லை.

ராஜா ராம்மோகன் ராயை எல்லாரும் அறிவோம். கல்கத்தாவில் அவர் பங்கெடுத்த யூனிடேரியன் கமிட்டி அமைந்தது 1821-இல். ராய் செல்வர், பன்மொழிப் புலவர். அவரைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். இருபத்தாறு ஆண்டு முந்திய ராபர்ட்ஸின் பெயரைத் தமிழ்ப் பாடநூலில் நான் பார்த்ததில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

1838-இல் ராபர்ட்ஸ் காலமானார். அப்போது அதே சென்னையில், ஏழுகிணறுப் பகுதியில், ராமலிங்கம் என்ற பதினான்கு வயதுப் பையன் வளர்ந்துகொண்டிருந்தான். பின்னாளில் நம் வள்ளலார். இருவரும் சந்தித்ததாக நான் சொல்ல வரவில்லை. ஒருவனாகிய இறைவனைத் தேடும் தாகம் அந்த நகரத்தில் ஒரே சமயத்தில் இரண்டு வீட்டில் இருந்திருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

தந்தைக்குப் பின் மகன் அந்தச் சபையைச் சுமந்தார். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். புரசைவாக்கம் பக்கம் போனால், ராபர்ட்ஸ் தொடங்கிய சபையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.