ஓயாத இசை

இசை இன்பந் தருவது, மறுப்பாரில்லை. ஆயின், ஓயாது ஒலிப்பதும் இன்பமாமோ?

முன்னாளில் கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் 3 அல்லது 4 நிமிடமே பாடும். பின்னர் ஒருவர் எழுந்து தட்டைத் திருப்பிவைத்துச் சாவி முறுக்கவேண்டும். அவ்விடைவெளியில் வீட்டார் கேட்ட பாட்டைப்பற்றிப் பேசினர்.

2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'எக்கோ' என்னும் கருவி வந்தது. அத்தகைய கருவிகளிடம் ஒரு சொல் சொன்னால் போதும். பாட்டுக்குப்பின் பாட்டுத் தானே தொடர்கிறது. உழைத்துக் களைத்தோர்க்கு இஃது ஆறுதல். தனித்திருக்கும் முதியோர்க்குத் துணை. இதனை நாம் அறிவோம். ஆனால், கருவி நம் சொல்லுக்குச் செவிசாய்த்திருக்க, நாமோ அடுத்த அறையில் அன்னை அழைக்குங் குரலைக் கேளாதிருக்கிறோம். மனஞ்செலுத்திக் கேளாத பாட்டு வெறுஞ் சந்தடியே.

இசையை விலக்குக என்கிலோம். அமர்ந்து கேட்போம், பின் நிறுத்துவோம். நிறுத்துதற்கும் ஒரு சொல்லே போதுமன்றோ!