விலை போடாத மீன்

ரசீதின் கடைசி வரியில் 'மீன் - 1' என்று இருந்தது. தொகை எழுத வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. அதற்கு மேலே உப்பு, உப்பளவு பார்க்கும் கருவி, அலை மோட்டார், சிமெண்டில் வார்த்த செயற்கைப் பாறை என்று எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. நல்ல கையெழுத்து. அந்தக் கோட்டைக்கூட அவர் அலட்சியமாக இழுக்கவில்லை.

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தெரு ஒன்றில் வாங்கியது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கப்போகிறேன், போகப் போகப் பவளமும் வைக்க ஆசை என்று சொன்னதும், கடைக்காரத் தம்பி நான் கேட்காமலே ஒரு நீலமீனைப் பிடித்துப் பையில் விட்டார். விரல் நீளம்கூட இல்லை. வால் மட்டும் மஞ்சள்.

"மொதல்ல இந்த டாம்சல விடுங்க சார். தண்ணி செட் ஆகணும்ல. இது தாங்கிடுச்சுன்னா அப்புறம் வந்து நீமோ ஜோடி எடுத்துட்டுப் போங்க."

"தாங்கலைன்னா?"

"அதுக்குத்தானே சார் காசு வாங்கல."

அவரைக் குறை சொல்ல வரவில்லை. பையில் காற்றை நிறைத்து, ரப்பர் வளையம் இறுக்கி, வெளிச்சம் படாமல் செய்தித்தாளில் சுற்றி, "வண்டில முன்னாடி மாட்டாதீங்க, குலுங்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். செத்தாலும் பாதகமில்லை என்று கொடுத்த மீன், போகிற வழியில் குலுங்கிவிடக் கூடாது என்கிற கவலை. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நிமிடத்தில் வந்ததுதான் என்னைக் குடைகிறது.

தண்ணி செட் ஆவது என்பது இதுதான். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புக் கலந்து, 26 டிகிரியில் வைத்து, அலை அடிக்கவிட்டால் கடல்நீர் மாதிரி ஒன்று கிடைத்துவிடும். பார்க்கப் பளிங்காக இருக்கும். ஆனால் பச்சைத் தண்ணீர். மீன் மூச்சுவிட்டாலே செவுள் வழியாக அம்மோனியா வெளியேறுகிறது. காரத்தன்மை கூடிய கடல்நீரில் அதன் விஷம் இன்னும் ஏறும். அந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும் பாக்டீரியா ஒரு வகை, நைட்ரைட்டைத் தின்று அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா இன்னொரு வகை. ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். இவை பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பெருகுவதற்கு அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும். சாப்பாடு என்பது அம்மோனியா. அதைத் தருவதற்கு ஒரு மீனை விட்டுவைப்பது பழைய வழக்கம். தான் வெளியேற்றும் விஷத்திலேயே அது மூச்சுவிட வேண்டும். இன்று அதற்கு அவசியமே இல்லை. இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிடலாம், அம்மோனியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடலாம், பாக்டீரியாவையே பாட்டிலில் வாங்கி ஊற்றலாம். ஆனாலும் வழக்கம் போகவில்லை. தொட்டி வாங்கியவனுக்கு ஏதாவது நீந்த வேண்டும். வெறும் பாறையை ஒன்றரை மாதம் யார் பார்த்துக்கொண்டிருப்பது?

சாயங்காலம் கொஞ்சம் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, வெள்ளை அட்டைமேல் வைத்துப் பார்ப்பேன். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. முதலில் இளம்பச்சை, பிறகு நல்ல பச்சை. மீன் மோட்டாருக்குப் பக்கத்தில் மேல்மூலையில் நின்றுகொண்டு செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருக்கும். கீழே வராது. நான் ஒரு பங்குத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவேன். மறுநாள் மறுபடி பச்சை. ரசீது அதே மேசையில்தான் கிடந்தது. கோட்டுக்கு நேரே எந்தத் தொகையை எழுதினால் எனக்கு இந்த உறுத்தல் இருந்திருக்காது என்று யோசித்தேன். ஐம்பது ரூபாய்? ஐநூறு? விலை கொடுத்து வாங்கியிருந்தால் அது செத்தால் நஷ்டம் என்று வருந்தியிருப்பேன். நஷ்டமே இல்லாத இடத்தில் வருத்தத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

எங்கோ படித்தது இது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிப் பறவையைக் கூண்டோடு உள்ளே கொண்டுபோவார்கள். விஷவாயு இருந்தால் மனிதருக்கு முன் அது சாயும். ஜே.எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் 1890களில் சொன்ன யோசனை, 1986இல்தான் கைவிட்டார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதில் மறக்காமல் நிற்பது ஒரு கூண்டு. அதன் தலையில் சின்ன ஆக்சிஜன் உருளை இருக்கும். பறவை சாய்ந்ததும் கூண்டின் கதவை அடைத்து உருளையைத் திறந்தால், அது தெளிந்து எழுந்துகொள்ளும். மான்செஸ்டரில் ஓர் அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள். பறவையைக் கொண்டுபோவதையும் நிறுத்தவில்லை, சாகட்டும் என்றும் விடவில்லை. கடைக்காரத் தம்பி சுற்றிக் கொடுத்த செய்தித்தாளும் அந்த உருளையும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்று தோன்றுகிறது. ஆனால் தெளிந்து எழுந்த பறவை மறுநாள் எங்கே போயிருக்கும்? சுரங்கத்துக்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், யாருக்காக இந்த மீன் பச்சைத் தண்ணீரில் நின்றதோ, அந்த நீமோ, அதாவது கோமாளி மீன், இதற்குப் பங்காளி. இரண்டும் பொமாசென்ட்ரிடே என்கிற ஒரே குடும்பம். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' ஒருவனைக் கதாநாயகன் ஆக்கியது. இன்னொருவனுக்கு ரசீதின் கடைசி வரி. சட்டத்திலும் இதே கதைதான். கல்பவளங்கள் 2001 முதல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணைதான். கடலிலிருந்து ஒரு துண்டு ஒடித்து வந்து தொட்டியில் வைத்தால் குற்றம். அதனால்தான் நான் வார்த்த பாறை வாங்கினேன். பின்னால் வைக்க நினைப்பதும் அட்டவணையில் வராத, கல் கட்டாத பட்டன் பாலிப், காளான் வகைகளைத்தான். அது சரியான சட்டம். ஆனால் அந்தப் பாறையையே வீடாகக் கொண்ட டாம்சலுக்கு அட்டவணையில் இடமில்லை.

பவளக்கல்லின்மேல் உட்கார்ந்து விளையாடியவன் நான். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் அப்பா வீடு கட்டினார். அஸ்திவாரத்துக்கும் காம்பவுண்டுக்கும் கடல்கல்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பாறையை உடைத்துத் தோணியில் கொண்டுவருவார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் அதே கல் போகும். குவியலில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்படி உடைத்து உடைத்து, 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன என்று ரொம்பப் பின்னால்தான் படித்தேன்.

'எங்களுக்கு' என்றது என்னையும் வாட்ச்மேன் மகளையும். கூரை போடாத நடுக்கூடத்தில் சாக்குப் படுதா கட்டி அந்தக் குடும்பம் இருந்தது. சமையலறை வரப்போகிற மூலையில் மூன்று செங்கல் வைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். காலையிலும் மாலையிலும் அந்தப் பெண் இடுப்பில் குடத்தோடு வந்து சுவருக்குத் தண்ணீர் அடிப்பாள். பூச்சு ஈரம் காயாமல் இருந்தால்தான் இறுகும், காய்ந்தால் வெடித்துவிடும். ஒரு கையால் குடத்தைச் சாய்த்து மறு கை விரல்களால் வீசுவாள், ஒரு இடம் விடாமல். அவளுக்கு என் வயதுதான். ஜன்னல் நிலை வைப்பதற்கு முன், வெறும் ஓட்டை வழியாகக் கடல்காற்று அடித்துக்கொண்டிருந்த மாதங்கள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் அவர்கள்.

கிரகப்பிரவேசத்தன்று பசுவையும் கன்றையும்தான் முதலில் உள்ளே ஓட்டினார்கள். புதுத் தரையில் பசு சாணி போட்டது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், நல்ல சகுனம் என்று. சமையலறை மூலையில் புகைக்கரி தெரியாதபடி வெள்ளையடித்திருந்தது. வாட்ச்மேன் குடும்பம் அதற்குள் வேறொரு வீட்டு வேலைக்குப் போய்விட்டது. அப்பாதான் அங்கே சொல்லி அனுப்பியிருந்தார், நம்பிக்கையான ஆள் என்று. நன்றாகச் செய்தவர்களுக்குக் கிடைத்தது இன்னொரு கூரை போடாத வீடு.

இந்த மீன் விவகாரம் தலைக்கேறிய பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், விசேஷத்துக்கு அவர்களைக் கூப்பிட்டோமா என்று.

"கூப்பிடாமலா இருந்திருப்போம்? வேட்டி சேலை எடுத்துக் கொடுத்தோம்டா. சம்பளம் ஒரு வாரம்கூட நிக்கல. இப்ப என்ன அதுக்கு?"

இப்போது என்ன அதற்கு? அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் கணக்கில் கோடு இல்லை. கூலி இருந்தது, அதற்கு மேல் சேலையும் இருந்தது. அந்த மனிதருக்கு அது ஒரு வேலை. முடிந்தது, அடுத்ததற்குப் போனார். நான்தான் மெனக்கெட்டு அவரை மீனோடு சேர்த்துக் கட்டுகிறேனோ என்னவோ. ஒரு குடும்பத்தை மீனுக்குப் பக்கத்தில் வைத்து யோசிப்பதே மரியாதைக் குறைவு என்று அவர் மகள் இன்று சொன்னால், ஒத்துக்கொள்வேன்.

மீன் தாங்கிவிட்டது. பச்சை வெளுத்து மஞ்சளானது. நைட்ரைட்டும் ஏறி இறங்கியது. மேல்மூலையை விட்டுக் கீழே வந்தது மீன். பாறையின் இடுக்கில் வாயாலேயே மணலைக் கவ்விக் கவ்வி வெளியே துப்பிக் குழி பறித்தது. இப்போது முழுத் தொட்டியும் அதனுடையது. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் பாய்ந்து வந்து மணிக்கட்டைக் கொத்துகிறது. வலிக்காது, ஆனால் செய்தி புரிந்துவிடும். டாம்சல் இனத்தில் சில உண்மையிலேயே விவசாயிகள். பாறையில் ஒரு திட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாத பாசியைக் கடித்துத் துப்பி, வேண்டியதை மட்டும் வளர்க்கும். தன்னைவிடப் பலமடங்கு பெரிய மீன் வந்தாலும் மோதும். என்னுடையது அந்த வகை இல்லை, தன் கூட்டத்தில் சாது என்று பெயர் எடுத்ததுதான். இருந்தாலும் நிலம் என்றால் அதற்கும் விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை.

கோமாளி ஜோடி வாங்கலாமா என்று கடைக்குப் போன் செய்தேன். "டாம்சல் உள்ள இருக்கா? அடிச்சே கொன்னுடும் சார். அதப் புடிச்சுக் கொண்டாந்துடுங்க. வேற ஒருத்தர் புதுசா தொட்டி வைக்கிறாரு, அவருக்கு ஆகும்."

பிடிப்பதும் லேசில்லை. பாறை அத்தனையையும் வெளியே எடுத்தால்தான் மாட்டும். எடுத்துப் பிடித்துக் கொடுத்தால், அது இன்னொரு பச்சைத் தண்ணீருக்குப் போகும். அங்கேயும் தாங்கினால் மூன்றாவது தொட்டி.

தாங்கியவனுக்கு உரிமை உண்டு என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நியாயம் போலத்தான் கேட்கிறது. ஆனால் அந்த நியாயத்தைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் எங்கே போய் நிற்கும்? சுவருக்குத் தண்ணீர் அடித்தவர்களுக்கெல்லாம் வீட்டில் பங்கு என்றால், அம்மா இன்று படுத்திருக்கும் அறை யாருடையது? அஸ்திவாரத்தில் கிடக்கும் பவளங்கள் கேட்டால் என்ன சொல்வது? மறுபக்கம், தாங்கியதற்கு ஒன்றுமே கிடையாது, கூலியோ கோடோ போட்டு அனுப்பிவிடலாம் என்றால், புதிதாய் வருகிறவர்கள் எப்போதும் தெளிந்த தண்ணீருக்குத்தான் வருவார்கள். தெளிய வைத்தவர்கள் எப்போதும் அடுத்த இடத்துக்குத்தான் போவார்கள். அதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடைமுறை என்று மட்டும் சொல்லத் தெரிகிறது.

ஒற்றை மீனுக்காக மூன்றடித் தொட்டியை ஓட்டுவதில் அர்த்தமில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். மின்சாரச் செலவு வேறு. தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் சென்னை வெயிலில் ஓயாமல் ஓடுகிறது. அவர்கள் சொல்வது சரி. நாளைக்கே மனம் மாறிப் பாறைகளை எடுத்தாலும் எடுப்பேன். இருக்கட்டும் என்று விட்டாலும் அது மீனுக்குச் செய்த நியாயமா, முடிவெடுக்கப் பயந்த சோம்பேறித்தனமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. தாங்கியதற்கு ஏதோ ஒரு உரிமை இருக்கிறது என்பதுவரை வந்துவிட்டேன். அது எவ்வளவு, எதுவரை என்று கேட்டால், தெரியவில்லை.