பாயைச் சுருட்டிய பெருமாள்

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். கடை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். பேட்டில், அதாவது கரையில், ஓடும் அன்னமும் முந்தியில் நிற்கும் இருதலைப்புள்ளும் முதலில் என் கணினித் திரையில்தான் கட்டம் கட்டமாகப் பிறக்கின்றன. பிறகு அவை அட்டையில் துளைகளாகி, தறிமேல் உள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏறி, எந்த இழை எழ வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று சொல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு உருவாக்கிய இந்தப் பெட்டியின் துளை அட்டையிலிருந்துதான் கணிதவியலாளர் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு யோசனை எடுத்தார். கணினியைப் பற்றி வாதாட நெசவு ஊருக்கு முழு உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும். என் கடைக் கணினியில் அது இல்லை. அன்றிலிருந்து கடையில் வாதம் ஓயவில்லை. அக்கா மகன், மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் லினக்ஸ் பக்கம். அட்டை அடித்துத் தரும் நண்பர் விண்டோஸ் பக்கம்.

"மாமா, உள்ளே என்ன ஓடுதுன்னு காட்டாத ஒண்ண எப்படி நம்புறீங்க?" என்பான் இவன்.

"காட்டினா மட்டும் உனக்குப் புரிஞ்சிடுமா? வேலை நடக்குதா, அதப் பாருப்பா" என்பார் அவர்.

ஒருவன் பிரமாணம் கேட்கிறான், மற்றவர் பலனைக் காட்டுகிறார். சமய வாதங்களில் இந்த இரண்டு குரல்களும் எத்தனை காலமாகக் கேட்கின்றன! இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மெக்கின்டாஷ் கணினி கத்தோலிக்கம், டாஸ் இயங்குதளம் புராட்டஸ்டண்டு என்று சொன்னார். பலரும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தினமும் எதன் வழியாக வேலை செய்கிறோமோ அதன் மேல் மனிதனுக்குப் பற்று வருகிறது. பற்று வந்த இடத்தில், இது உண்மையா என்ற கேள்வியும் வந்துதான் தீரும்.

சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் காஞ்சி என்று பகுதிகளுக்கே சமயப் பெயர் வைத்த ஊர் இது. பல்லவ அரசன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் என்ற நாடகம் இதே ஊர்த் தெருவில் நடக்கிறது. காபாலிகன் என்ற சைவத் துறவியின் பிச்சைக் கபாலம் காணாமல் போக, அவன் பௌத்தத் துறவியைத் திருடன் என்கிறான். தத்துவச் சண்டை முற்றுகிறது. கபாலத்தை எடுத்துப் போனதோ ஒரு நாய். தொலைந்த பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு எதிர்க் கட்சியைத் தேடும் புத்தியை ஏழாம் நூற்றாண்டிலேயே ஓர் அரசன் கண்டுகொண்டான். காப்பிய நாயகி மணிமேகலை வேறு வழி போனாள். வஞ்சியில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் வாயாலேயே அவரவர் கொள்கையைக் கேட்டாள். பிறகுதான் காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அறம் கேட்டாள். கேட்ட பிறகு எதை வைத்து முடிவு செய்வது? அங்கேதான் நான் நெடுநாள் நின்றுவிட்டேன்.

எனக்கு விடை கிடைத்தது காஞ்சியின் திருவெஃகா பெருமாள் கோயிலில். திருமழிசையாழ்வார் பல சமயங்களையும் பயின்று பார்த்த பின்னரே திருமாலிடம் நிலைத்தார் என்பது மரபு. அவருடைய சீடர் கணிகண்ணன், தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்ன பல்லவ அரசனுக்கு இணங்கவில்லை. ஊரைவிட்டுப் போ என்றான் அரசன். சீடன் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்பினார். கோயிலில் கிடந்த பெருமாளையும், உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்று அழைத்தார். பெருமாளும் எழுந்து பின்னால் நடந்தார். அரசன் மன்றாடித் திரும்ப அழைத்தபோது ஆழ்வார் சொல்லப் பெருமாள் வந்து மறுபடி பாயை விரித்தார். நடந்ததற்கு அடையாளமாக வழக்கத்துக்கு மாறான திசையில் கிடக்கிறார் என்பார்கள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றே அவருக்குப் பெயர்.

பெரியவர்கள் இதில் சௌலப்பியத்தைக் காண்பார்கள், அடியவனுக்கு எளியவனாகும் குணத்தை. எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. அந்தச் சன்னதி பெருமாளுக்கு இடம், பூட்டு அல்ல. போக வேண்டிய நாளில் அவரால் போக முடிந்தது. நம்பத் தகுந்த அமைப்புக்கு இதையே உரைகல்லாக வைக்கிறேன்: நான் வெளியேறினால் என் பொருள் என்னோடு வருமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசைன் மென்பொருள் வைத்திருந்தேன். தன் சொந்த வடிவத்தில் மட்டுமே கோப்புகளைச் சேமிக்கும். அதைத் திறக்கும் சாவிக்கருவி ஒருநாள் செத்துப்போனது, விற்றவர்களும் தொழிலை விட்டுவிட்டார்கள். பழைய சேலையொன்றிலிருந்து இழை இழையாக எண்ணி எடுத்த யாளி வரிசை அதற்குள் இருந்தது. கோப்பு இன்றும் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. அந்த யாளியை முதலில் நெய்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

அதனால் எல்லா அமைப்பும் ஒன்றுதான் என்ற சமரசத்தை நான் ஏற்கவில்லை. லினக்ஸின் உரிமம், எடுத்துப் போகவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தருகிறது. அறத்தில் அது உயர்ந்த இடம். ஆனால் என் அட்டை அடிக்கும் இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது. பத்துத் தறிக்காரர்களின் கூலி அதை நம்பி இருக்கும்போது கொள்கைக்காக அதைத் தூக்கி எறிவது பக்தி ஆகாது. மாதாமாதம் அமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பதும் தேடல் ஆகாது. ஆழ்வார் பல சமயம் பார்த்தார், பிறகு நிலைத்தார்.

பழைய கணினியை இணையத்திலிருந்து பிரித்து விண்டோஸோடு அட்டை வேலைக்கு வைத்துவிட்டேன். வரைவது இப்போது வேறொரு கணினியில், லினக்ஸில். அக்கா மகன் பழைய டிசைன்களை ஒவ்வொன்றாக பிஎம்பி கோப்பாக மாற்றுகிறான். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி, எங்கும் திறக்கும். டிசைன் கேட்டு வருகிறவருக்கும் அட்டையோடு அந்தக் கோப்பை பென் டிரைவில் கொடுத்துவிடுகிறேன். "நாளைக்கு அவர் வேற கடைக்குப் போயிடுவாரே" என்று நண்பர் கடிந்துகொள்கிறார். போகட்டும். அந்த அன்னம் அவர் சேலையின் பேட்டுக்காக வரைந்தது.