குற்றம் செய்தவனுக்காகப் பேசுவது பாவமா?

புளத்கொகுபிட்டியவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒருவர்மேல் வழக்கு விழுந்தால், ரப்பர் மரங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் நடுவே வளைந்து இறங்கும் பாதையில் பஸ் ஏறி றுவன்வெல்லைக்கோ கேகாலைக்கோ போகவேண்டும். கொலை போன்ற பாரதூரமான குற்றமென்றால் அது கேகாலை மேல் நீதிமன்றம்வரை போய் நிற்கும். எதிரிக் கூண்டில் நிற்பவனுக்காக அங்கே ஒரு சட்டத்தரணி எழுந்து பேசுவார். பிணையோ விடுதலையோ கிடைத்தால் லயத்தில் பேச்சு இரண்டாகப் பிரியும். ஒரு வீட்டில் நன்றி. அடுத்த வீட்டில், "செஞ்சவன்னு தெரிஞ்சே பேசினாரே, அந்தப் பாவத்துல லோயருக்கும் பங்கு இல்லையா?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. வினையையும் அதன் பயனையும் நம்புகிற சமூகம் கேட்டே தீரவேண்டிய கேள்வி இது. மாரியம்மன் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யும்போது, சம்பந்தப்பட்டவனே தன் வாயால் பேசுகிறான்; பொய் சொன்னால் தன் தலையில்தான் விடியும் என்ற பயம் அவனுக்கு இருக்கிறது. நீதிமன்றத்திலோ அவனுக்காக இன்னொருவர் பேசுகிறார், அதற்குக் கூலியும் வாங்குகிறார். அப்படியென்றால் அந்தச் சொல்லின் வினை யாரைச் சேரும்?

இந்தச் சங்கடம் உலகறிய வெடித்தது லண்டனில், 1840இல். மே மாதத்தில் ஓர் இரவு, வில்லியம் ரஸல் பிரபு படுக்கையிலேயே கழுத்தறுபட்டு இறந்தார். அவரது வேலையாளான சுவிஸ் நாட்டவர் கூர்வாசியே மீது வழக்கு வந்தது. அவருக்காக வாதாடியவர் சார்ல்ஸ் பிலிப்ஸ். விசாரணை பாதி நடந்தபோது, காணாமற்போன வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றிப் புதிய சாட்சி ஒன்று வந்தது. அன்று கூர்வாசியே தன் வழக்கறிஞரிடம் கொலை செய்தது தானே என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் தனக்காகத் தொடர்ந்து வாதாடவேண்டும் என்றார்.

பிலிப்ஸ் ஆடிப்போனார். அந்த விசாரணையில் அமர்ந்திருந்த நீதிபதிகளில் ஒருவரான பார்க்கிடம் தனியாக ஆலோசனை கேட்டார். சாட்சியங்களிலிருந்து நியாயமாக எழக்கூடிய வாதங்களை எல்லாம் முன்வைத்துத் தொடர்ந்து வாதாடுவதே கடமை என்று பதில் வந்தது. பிலிப்ஸ் வாதாடினார்; தோற்றார். ஜூலை 6ஆம் திகதி நியூகேட் சிறைவாசலில் கூர்வாசியே தூக்கிலிடப்பட்டதைப் பெருங்கூட்டம் பார்த்தது, அதில் டிக்கன்ஸும் தாக்கரேயும் இருந்தார்கள். பிலிப்ஸுக்கோ வழக்கு அத்தோடு முடியவில்லை. உண்மை தெரிந்த பிறகும் வீட்டுப் பணிப்பெண்மீதும் பொலிஸார்மீதும் சந்தேகத்தைத் திருப்பினார் என்ற குற்றச்சாட்டு ஆண்டுக்கணக்கில் அவரைத் துரத்தியது.

கோடு எங்கே விழுகிறது என்று இந்த வழக்கு காட்டுகிறது. "இவன் குற்றவாளி என்று நீங்கள் இன்னும் நிரூபிக்கவில்லை" என்று சொல்வது ஒன்று. "அவள்தான் செய்தாள்" என்று, நிரபராதி எனத் தெரிந்த ஒருத்தியைச் சுட்டுவது முற்றிலும் வேறொன்று. முதலாவது வழக்கறிஞரின் தொழில். இரண்டாவது பாவம். அதற்கு எந்தத் தொழில்விதியும் கவசமாகாது.

முதலாவதையும் பாவம் என்பவர்கள் பெரியபுராணத்தை இன்னொருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதிய அந்தணர் வருகிறார். "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழித்தவர் சுந்தரர்தான். அப்படியிருந்தும் நிரூபிக்கும் பொறுப்பைச் சபையார் முதியவர்மீதே வைக்கிறார்கள். நெடுநாள் அனுபவ பாத்தியம், எழுத்து ஆவணம், பிறர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். கிழிந்தது படிதான், மூலம் என்னிடம் இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுத்த பின்னும் உடனே நம்பிவிடவில்லை. பாட்டனின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சுந்தரருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

வழக்குத் தொடுத்த முதியவர் சிவபெருமான். அவர் சொன்னது முழு உண்மை. ஆனாலும் சேக்கிழார் அந்தச் சபையாரைப் பாவிகளாகக் காட்டவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி எதையும் குறையாகச் சொல்லவில்லை. கடவுளே வாதியாக வந்தாலும் ஆதாரம் கேட்கலாம் என்பது சைவ மரபுக்குள்ளேயே இருக்கும் நியாயம். அப்படியிருக்க, ஒரு பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் ஆதாரம் கேட்பது எப்படிப் பாவமாகும்?

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்திலும் இதே ஒழுங்கு இருக்கிறது. கொடியவர்களைக் கொல்வதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடும் குறளைப் பலரும் மேடையில் சொல்வார்கள். அது அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள். முதற்குறள் சொல்வதோ, நன்கு ஆராய்ந்து, எவர் பக்கமும் சாயாமல் முறைசெய்யவேண்டும் என்பதை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிய அரசன் என்ன ஆனான் என்பதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பொற்கொல்லனின் ஒரு சொல்லை நம்பிக் கோவலனைக் கொன்றார்கள். பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். முத்து இருக்கவேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. அந்த ஆதாரம் காலையிலும் அதே சிலம்புக்குள்தான் இருந்தது. உடைத்துப் பாருங்கள் என்று கேட்க ஒரு வாய்தான் இல்லை. அந்தக் கண்ணகியைத்தான் சபரகமுவவின் சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

பௌத்த விநயமும் இதற்கு விலகி நிற்கவில்லை. ஒரு பிக்குவின் மீதான குற்றச்சாட்டை அவர் இல்லாத இடத்தில் தீர்த்துவிட முடியாது. அவர் முன்னிலையிலேயே விசாரிக்கவேண்டும் என்பது சங்கத்தின் பழைய விதி.

ஆனால் கூண்டில் உடல் இருந்தால் மட்டும் முன்னிலை ஆகிவிடுமா? கேகாலை நீதிமன்றங்களில் வழக்கு நடக்கும் மொழி சிங்களம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையைத் தருகிறது. 13ஆம் உறுப்புரை, சட்டத்தரணி மூலம் கேட்கப்படும் உரிமையையும், நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற ஊகத்தையும் தருகிறது. தன்மேல் சுமத்தப்பட்டது என்னவென்றே விளங்காமல் ஒருவர் தலையாட்டிக்கொண்டு நின்றால், இந்த இரண்டு உறுப்புரைகளும் அவருக்குக் கிடைக்கவில்லை என்றே பொருள்.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்குப் பெரிய சாட்சி. சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. சிங்கராசா 1993இல் கைதானார். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவரது பெருவிரல் அடையாளம் பதிக்கப்பட்டது. அந்த ஒப்புதலை வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. வாக்குமூலம் பலவந்தமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையை அவர் தலையிலேயே வைத்தார்கள். 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு இதை நீதியான விசாரணைக்கான உரிமையின் மீறல் என்றது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் வைத்த ஒழுங்கு இங்கே தலைகீழாகிப் போனது.

தோட்ட மக்களுக்கு இன்னொரு நினைவும் வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவதே சிறைக்குரிய குற்றமாக இருந்தது. இன்று லயங்களில் இருப்பவர்களின் பாட்டன் பூட்டன்களில் எத்தனையோ பேர், துரையின் கணக்கில் அப்படிக் 'குற்றவாளி' ஆனவர்கள். அவர்களுக்காகப் பேசியிருக்கக்கூடிய ஒருவரை யாராவது பாவி என்பார்களா?

இதுவரை சொன்னவை சுலபமான பக்கம். கடினமான பக்கமும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையில்லை.

1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கை அணியைத் தலைமைதாங்கியவர் மகாதேவா சதாசிவம். 1951 ஒக்டோபரில் அவருடைய மனைவி கொழும்பு வீட்டில் கொலையுண்டு கிடந்தார். கணவர்மேல் வழக்கு வந்தது. வீட்டு வேலைக்காரனான வில்லியம் என்ற இளைஞன் நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானான். சதாசிவத்துக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. கொலையைச் செய்தது வில்லியமே என்பது எதிரித் தரப்பின் வாதம். மருத்துவச் சாட்சியங்கள் நாள்கணக்கில் அலசப்பட்டு, 1953இல் ஜூரிகள் சதாசிவத்தை விடுவித்தார்கள். பேர்பெற்ற ஒருவரைக் காக்க ஏழை வேலைக்காரனை நோக்கி விரல் நீண்டது என்று மனம் உறுத்தலாம். ஆனால் கொல்வின் அந்த வாதத்தைச் சாட்சியங்களின் மேல்தான் கட்டினார். பிலிப்ஸைப் போல உண்மையைக் காதால் கேட்டுவிட்டு நின்றவரல்லர். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளி கோவிந்தனின் மனைவிக்காக விசாரணைக்குழு முன் தோன்றியவரும் இதே கொல்வின்தான். சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்கிய 1972 அரசியலமைப்பை வரைந்த அமைச்சரும் அவரே. அந்த முரண் தோட்டத் தமிழருக்கு வலிக்கும் முரண். ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரே நிறுவையில் நிறுத்துவிட முடியாது.

எல்லாவற்றிலும் கடினமானது பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகில் இருந்த புனர்வாழ்வு முகாமில் 25க்கும் அதிகமான தமிழ் இளைஞர்கள் கூட்டத்தினரால் கொல்லப்பட்டார்கள். 41 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 முடிவதற்குள் அவர்களும் விடுதலையானார்கள். அந்த எதிரிகளுக்கும் சட்டத்தரணிகள் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், அந்தச் சட்டத்தரணிகள் தம் கடமையைத்தான் செய்தார்கள் என்று சொல்ல யாருக்கு நா எழும்?

இருந்தும் அதுதான் உண்மை. அந்தத் தாய்க்கு நீதி கிடைக்காமல் போனதற்குக் காரணத்தை, பொலிஸார் காவல் நின்ற முகாமுக்குள்ளேயே கொலைகள் நடந்ததிலும், மேன்முறையீட்டில் நிலைக்கும்படி சாட்சியங்களைத் திரட்டாத விசாரணையிலும் தேடவேண்டும். எதிரிகளுக்காகப் பேசிய வாயை அடைத்திருந்தால், நாளை கேகாலையில் ஒரு தோட்டப் பையனுக்காகப் பேசும் வாயும் சேர்ந்தே அடைபட்டிருக்கும்.

ஆகவே, லயத்தில் எழுகிற அந்தக் கேள்விக்குப் பதில் இது: பொய்ச் சாட்சியைப் பழக்கிக் கொடுக்கிற, நிரபராதிமேல் தெரிந்தே பழிபோடுகிற, கட்சிக்காரனின் பணத்தை வாங்கிக்கொண்டு தவணையன்று வராமலிருக்கிற சட்டத்தரணிக்குப் பாவம் உண்டு, முழுப் பங்கும் உண்டு. நிரூபி என்று கேட்கிறவருக்கு இல்லை. செய்தவனின் வினை செய்தவனோடு போகும். அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு எந்த நீதிமன்றத்துக்கும் கொடுக்கப்படவில்லை.

புளத்கொகுபிட்டியத் தோட்டங்களின் கோயில் சபைகளுக்கும் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் ஒருவர் கைதானால், அவர் செய்தாரா இல்லையா என்று லயத்தில் தீர்ப்புச் சொல்லுமுன் அவருக்கு ஒரு சட்டத்தரணியைத் தேடிக்கொடுங்கள். வசதியில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. விளங்காத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்தோ விரல் அடையாளமோ வைக்கவேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். முதல் தவணையிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள்.