ஏற்றத்தை வைத்தது யார்?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967இல் தொடங்கிய விலங்குப் பூங்காவைத் தாண்டிவிட்டால் அருவிக்கு நடந்துதான் போக வேண்டும். கல்லும் வேருமான காட்டுப் பாதை. மூச்சு வாங்கும், ஆனாலும் யார் மீதும் கோபம் வராது. அந்த ஏற்றத்தை யாரும் தம் லாபத்துக்காக வைக்கவில்லை.

நகரத்து நடைமேம்பாலம் அப்படியில்லை. அடியில் லாரி போக ஐந்தரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு. படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 37 படி ஏறி, 37 படி இறங்கினால்தான் எதிர்ச்சாரி மருந்துக்கடை. இதற்குப் பெயர் பாதசாரிகளுக்கான வசதி. நிற்காமல் போவது என்னவோ கார்தான். பிரேக்கை மிதித்தால் நின்றுவிடுகிற வண்டிக்காக, முட்டி தேய்ந்த பாட்டி ஏறி இறங்குவது நியாயமா? மின்தூக்கி இருக்கிறதே என்பார்கள். அது ஓடுகிற நாட்களையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

எதிர்வாதம் லேசானதல்ல. பாலம் இருந்தும் தடுப்பைத் தாண்டிக் குதிப்பவரால் பைக்கில் வருபவர் தடுமாறி விழுகிறார். சாவது அவராகவும் இருக்கலாம். ஆறுவழி நெடுஞ்சாலையில் பாலமோ சுரங்கப்பாதையோ தவிர வேறு வழியில்லாத இடங்கள் உண்டு. அங்கே அது நியாயமே. பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே, தரையிலேயே சிக்னல் வைக்க முடிகிற இடத்தில் கட்டுவது வேறு கணக்கு: வண்டிக்காரரின் அரை நிமிடத்தை நடப்பவரின் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது. குதித்தவர் செய்தது தவறுதான். பாலத்தை அங்கே வைத்தவருக்கு அதில் பங்கே இல்லையா?

சிக்னலிலும் இதே கதை. நடை வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்து நேரம் ஒதுக்குவது வழக்கம். 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற முதியவர் அப்போது 8 மீட்டரில், வண்டிகளுக்கு நடுவே நிற்பார். ஒற்றையடிப் பாதையில் இது நேராது. முன்னால் போகிறவர் தளர்ந்தால் வரிசையே தளர்ந்துதான் ஆக வேண்டும்.

தெருவை மதிப்பிட வருகிறவர்கள் நடைபாதை அகலத்தை அளக்கிறார்கள். இந்திய சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டி குறைந்தது 1.8 மீட்டர் கேட்டது. அளக்கட்டும். யார் காத்திருக்கிறார், யார் ஏறுகிறார் என்பதையும் அதே தாளில் குறிக்கட்டும். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். நல்ல நடைபாதை உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 மே மாதம்.

இத்தனை சொன்ன பிறகு, மலையில் உள்ள ஏற்றத்தையெல்லாம் மலையின் கணக்கிலேயே எழுதிவிடவும் முடியாது. 2023 மே மாதம், இதே வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த பெண்குழந்தை ஒன்று ஆஸ்பத்திரி சேருமுன் இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்புகையில் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றது. மேலே வண்டி போகும் சாலை இல்லை. மீதி வழியைத் தாய் உடலைச் சுமந்து நடந்தார். கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, காட்டு ஊர்களுக்குச் சாலை போடலாம் என்று வன உரிமைச் சட்டம் வழிசொல்லி அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.